ஆறாத புண்ணும் ஆற்றும் சொல்லும்

போரில் மாண்டோர்க்கு எழுப்பிய நினைவுச் சின்னங்கள் நம் கொல்கத்தா மாநகரில் பல உள்ளன. ஹூக்ளி ஆற்றங்கரையில், ஹேஸ்டிங்ஸ் பகுதியில், முதல் உலகப் போரில் உயிர் நீத்த 896 கப்பல் தொழிலாளரின் நினைவாக 1924-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற லஸ்கர் நினைவுச் சின்னம் நிமிர்ந்து நிற்கின்றது. காலேஜ் ஸ்குவயரில், அதே போரில் மடிந்த 49-ஆம் வங்காளப் படைப்பிரிவின் வீரர்களை நினைவூட்டும் சின்னம் இருக்கின்றது. அவ்வழியே செல்லும் மாணவர் சிலரேனும் அதன்முன் ஒரு கணம் நிற்பதுண்டு.

மாண்டவரைக் கல்லில் எழுதிப் போற்றுவது தமிழர்க்கும் புதியதன்று. பெயரும் பெருமையும் பொறித்து, மயிற்பீலி சூட்டி, நடுகல் வழிபட்ட மரபு நம்முடையது. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கின்றது. போரில் மாளாது மீண்டவன் என்ன ஆனான்? உடலில் வடுவொன்றும் இல்லாதிருக்க, உள்ளத்தில் மட்டும் காயத்தோடு வீடு திரும்பியவனுக்கு எந்தக் கல் நாட்டப்பட்டது? நள்ளிரவில் அலறி எழுபவனுக்கும், சிறு ஓசைக்கு நடுங்குபவனுக்கும், பெற்ற பிள்ளையோடும் பேசாது சுவரை நோக்கி அமர்ந்திருப்பவனுக்கும் உலகம் என்ன செய்தது?

இக்கேள்விக்கு வரலாறு தரும் விடையை ஈண்டு ஒருவாறு காண முயல்வோம். அவ்விடை சங்கப் பாடல்களில் தொடங்கி, நாம் வாழும் இந்நகரத்தின் வழியாகவும் வருகின்றது என்பது நமக்கு மகிழ்ச்சி தரத்தக்கது.

பண்டைத் தமிழர் கண்ட மருந்து

போரில் புண்பட்ட வீரனை அவன் வீட்டார் எவ்வாறு பேணினர் என்பதைப் புறநானூற்றில் அரிசில்கிழார் பாடிய பாட்டு ஒன்று காட்டுகின்றது. மனையில் இரவ இலையையும் வேப்பிலையையும் செருகுகின்றனர். யாழும் பிற இசைக் கருவிகளும் ஒலிக்கின்றன. புண்ணுக்கு மை இடுகின்றனர். வெண்சிறுகடுகைத் தூவுகின்றனர். ஆம்பற்குழலை ஊதி, மணியை அடித்து, காஞ்சிப் பண்ணைப் பாடி, வீடு முழுவதும் நறும்புகை எழுப்புகின்றனர். இவ்வாறு புண்பட்டவனைக் காப்போம் என மகளிர் ஒருவரையொருவர் அழைக்கின்றனர்.

பேய் அணுகாதிருக்கச் செய்த சடங்கு என்று மட்டும் இதனைத் தள்ளிவிடுதல் தகாது. புண்ணுக்கு மருந்து ஒன்றே போதுமெனின், யாழ் எதற்கு? குழல் எதற்கு? பாட்டு எதற்கு? இரவெல்லாம் பலர் கூடி விழித்திருப்பது எதற்கு? புண்பட்டவனைத் தனியே விடலாகாது. அவன் செவியில் போர்முரசின் ஒலி தேயும்வரை இனிய ஒலி நிறைந்திருத்தல் வேண்டும். அவன் கண் திறக்கும்போதெல்லாம் அறிந்த முகம் ஒன்று அருகில் இருத்தல் வேண்டும். சடங்கின் உட்பொருள் இதுவே எனக் கொள்ளலாம்.

வீட்டார் செய்தது இது. வேந்தன் செய்தது யாது? நக்கீரர் பாடிய நெடுநல்வாடை அதனைக் கூறுகின்றது. வாடைக் காற்று வீசும் கூதிர்க்கால நள்ளிரவு. அரண்மனையில் அரசி பிரிவால் வாடுகின்றாள். பாசறையிலோ அரசன் உறங்கவில்லை. வேப்பந்தழை சூட்டிய வேலை ஏந்திய முன்னோடி ஒருவன், புண்பட்ட வீரரை முறைமுறையாகக் காட்டிக்கொண்டு செல்கின்றான். வாள் தாங்கிய இளைஞன் ஒருவனது தோளில் கை வைத்து, நழுவும் மேலாடையை மறு கையால் தழுவியபடி, மழைத்துளி தாங்கும் குடையின்கீழ், சிலரோடு மட்டும் அரசன் அவ்வீரரைக் காணச் சுற்றி வருகின்றான். படையெடுப்பையும் வெற்றியையும் விரித்துப் பாடவேண்டிய இடத்தில், புலவர் இக்காட்சியைத் தேர்ந்தெடுத்து அதனோடு பாட்டை முடிக்கின்றார். போரின் இறுதிக் கடமை புண்பட்டவனைச் சென்று காண்பதே என்று அவர் கருதினார் போலும்!

முல்லைப்பாட்டில் நப்பூதனார் காட்டும் அரசனும் உறக்கம் கொள்ளாதவனே. கை வெட்டுண்ட யானைகளையும், தனக்காக வீழ்ந்த மறவரையும், அம்பு பாய்ந்து தீனி உண்ணாது செவி சாய்த்து நிற்கும் குதிரைகளையும் எண்ணி எண்ணி அவன் கண் உறங்கவில்லை. போர் கண்டவன் உறக்கத்தை இழப்பான் என்ற உண்மையை நம் புலவர் மறைத்தாரல்லர்.

வென்றவன் கொண்ட புண்

வங்கத்திற்கு அடுத்துள்ள கலிங்க நாட்டில், கி.மு. மூன்றாம் நூற்றாண்டில், வென்ற மன்னன் ஒருவனே தன் மனப்புண்ணைக் கல்லில் எழுதிவைத்தான். அசோகனது பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டு, கலிங்கப் போரில் ஓரிலட்சம் பேர் கொல்லப்பட்டனர் என்றும், ஒன்றரை இலட்சம் பேர் நாடு கடத்தப்பட்டனர் என்றும் கூறி, அதற்காகத் தான் வருந்துவதை வெளிப்படையாக ஒப்புக்கொள்கின்றது. தமக்கு ஊறு நேராதிருந்தும், தம் நண்பரும் சுற்றத்தாரும் துன்புற்றதனால் துன்புறுவோரையும் அக்கல்வெட்டு எண்ணிப் பார்க்கின்றது. வாள் படாதவனும் போரில் புண்படுகின்றான் என்பதை உணர்ந்த சொல் அது. சோழரையும் பாண்டியரையும் அக்கல்வெட்டு குறிப்பிடுகின்றது.

இதில் கருதத்தக்கது ஒன்றுண்டு. கலிங்கத்தில் உள்ள தௌலியிலும் ஜௌகடாவிலும் அசோகன் பொறித்த கல்வெட்டுகளில் இந்தப் பதின்மூன்றாம் பகுதி காணப்படவில்லை. பிற நாட்டார்க்குச் சொன்ன வருத்தத்தை, துன்புற்ற மக்களின் மண்ணில் அவன் பொறிக்கவில்லை. மனப்புண்ணை ஒப்புக்கொள்வதும், அதனை உரியவரிடமே சென்று சொல்வதும் வேறு வேறு என்பதற்கு இதுவே சான்று. அசோகனது பிராமி எழுத்தை 1837-ஆம் ஆண்டில் படித்தறிந்த ஜேம்ஸ் பிரின்செப், கல்கத்தாவில் நாணயச் சாலையிலும் ஆசியக் கழகத்திலும் பணியாற்றியவர். பிரின்செப் படித்துறையில் மாலைப்பொழுதைக் கழிக்கும் நம்மவர் இதனை நினைத்துக்கொள்ளலாம்.

நீலகிரியிலிருந்து சென்ற மருத்துவர்

இனி, இருபதாம் நூற்றாண்டிற்கு வருவோம். 1914-இல் மூண்ட உலகப் போரில், பீரங்கிக் குண்டுகள் நாள் முழுதும் வெடித்த பதுங்குகுழிகளில் கிடந்த வீரர் பலர், உடலில் காயமின்றியே பேச்சிழந்தனர், நடையிழந்தனர், நினைவிழந்தனர். 1915-இல் சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர், ‘ஷெல் ஷாக்’ என்ற பெயரோடு இந்நோயைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். ஆனால் படைத் தலைவர் பலர் இதனை நோயென்று ஏற்கவில்லை, கோழைத்தனம் என்றனர். கடமையை விட்டு ஓடியது, கோழைத்தனம் காட்டியது முதலிய குற்றங்களுக்காகப் பிரிட்டிஷ் படைத்துறை தன் வீரர்களையே சுட்டுக் கொன்றது. அவ்வாறு கொல்லப்பட்டவருள் 306 பேருக்கு 2006-ஆம் ஆண்டில்தான் பொதுமன்னிப்பு வழங்கப்பட்டது. மன்னிப்பு வருவதற்குத் தொண்ணூறு ஆண்டுகள் ஆயின!

அக்காலத்தில் மாற்றுவழி கண்டவருள் ஒருவர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். இவர் நம் தமிழகத்திற்கு அயலாரல்லர். 1901-02-இல் நீலகிரி மலைக்கு வந்து, தோடர் மக்களிடையே இருந்து, அவர்தம் குலமுறைகளையும் சடங்குகளையும் கேட்டறிந்து, 1906-இல் ‘தோடர்’ என்னும் பெருநூலை வெளியிட்டவர். தோடர் தம் குலக்கதைகளைச் சொல்லச் சொல்ல இவர் பொறுமையுடன் எழுதிக்கொண்டார். பிறர் பேசக் கேட்கும் அப்பயிற்சி, பின்னாளில் எடின்பரோ நகரையடுத்த கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் அவருக்குத் துணை நின்றது என எண்ண இடமுண்டு.

அங்கு வந்த படை அதிகாரிகளுக்கு உற்றாரும் மருத்துவரும் கூறிய அறிவுரை ஒன்றே: ‘மறந்துவிடு, அதைப் பற்றி எண்ணாதே.’ பகலெல்லாம் முயன்று மறந்தவர்க்கு இரவில் அந்நினைவே பன்மடங்கு வலிமையோடு கனவாக வந்தது. இதனைக் கண்ட ரிவர்ஸ், நினைவை அடக்குவதே நோயை வளர்க்கின்றது என்று 1917-இல் எடுத்துரைத்தார். நாள் முழுதும் அதிலேயே மூழ்கவும் வேண்டா. முற்றும் விலக்கவும் வேண்டா. அதனை நேரில் நோக்கி, தாங்கத்தக்க ஒரு பக்கத்தை அதில் காணவேண்டும் என்பது அவர் முறை.

அவர் கூறும் வரலாறு ஒன்று நெஞ்சை உருக்குவது. குண்டால் சிதறிய தன் நண்பனது உடலைக் கண்டெடுத்த அதிகாரி ஒருவர், ஒவ்வோர் இரவும் அக்காட்சியையே கனவில் கண்டு நடுங்கினார். உடல் அவ்வாறு சிதறியிருந்தமையால், நண்பன் வலியுணராது நொடியில் உயிர் நீத்திருப்பான் என்பதை ரிவர்ஸ் எடுத்துக்காட்டினார். அந்த எண்ணத்தை அதிகாரி பற்றிக்கொண்டார். சில இரவுகள் கனவு வரவில்லை. பின் ஒரு நாள் வந்தது. ஆனால் அச்சத்தோடு வரவில்லை. நண்பனது உடலருகே மண்டியிட்டு, அவன் வீட்டாருக்கு அனுப்புதற்குரிய பொருள்களை எடுத்து வைப்பதாகக் கனவு கண்டு, மெல்ல அழுதபடி விழித்தார். அச்சம் போய்த் துக்கம் வந்தது. துக்கம் அழுது தீரக்கூடியது, அச்சமோ அத்தகையதன்று. எல்லார்க்கும் இம்முறை பயன்படவில்லை என்பதையும் ரிவர்ஸ் மறைக்கவில்லை. ஆறுதல் தரும் பக்கம் எதுவும் இல்லாத கொடுநினைவு கொண்ட ஒருவரைப் படையை விட்டு நாட்டுப்புறத்து அமைதிக்குச் செல்லுமாறு கூறினார் என்றும் எழுதியுள்ளார்.

அதே மருத்துவமனையில் 1917-இல் தங்கியவர் கவிஞர் வில்ஃபிரட் ஓவன். வேறொரு மருத்துவரின் பொறுப்பில் இருந்த அவர், நோயாளிகள் நடத்திய ‘ஹைட்ரா’ என்ற இதழின் ஆசிரியராக அமர்ந்தார். எழுதுவதும் தொகுப்பதும் அவருக்கு மருந்தாயின. ஆண்டு தோறும் மலர் வெளியிடும் நம் போன்ற சங்கத்தார்க்கு இச்செய்தி உவப்பளிக்கும் அன்றோ! நலம் பெற்று மீண்டும் போர்முனை சென்ற அவர், போர் ஓய்வதற்கு ஒரு வாரம் முன், 1918 நவம்பர் 4-ஆம் நாள் கொல்லப்பட்டார். 1920-இல் அவர் அன்னையார் நம் இரவீந்திரநாத தாகூருக்கு ஒரு மடல் எழுதினார். கடைசியாக விடைபெற்ற நாளில் தம் மகன் சொல்லிச் சென்றவை கீதாஞ்சலியின் வரிகள் என்பதே அம்மடலின் செய்தி. ஜோராசாங்கோவில் பிறந்த ஒருவரது சொல், பிரான்சு நாட்டுப் போர்முனைக்குச் சென்ற ஓர் இளைஞனுக்கும், அவனை இழந்த தாய்க்கும் துணையாயிற்று.

கல்கத்தா கேட்டதும் எழுதியதும்

கிரெய்க்லாக்கார்ட் அதிகாரிகளுக்கு உரியது. இந்தியச் சிப்பாய்க்கு அத்தகைய மனை எங்கே? அப்போரில் பணியாற்றிய இந்தியர் ஏறத்தாழ 13 இலட்சம் பேர். எழுத்தறியாதார் பலர், பிறரைக் கொண்டு வீட்டுக்கு மடல் எழுதுவித்தனர். அம்மடல்களையும் தணிக்கையாளர் படித்த பின்னரே அனுப்பினர். மனத்தில் உள்ளதைச் சொல்ல அவர்க்கு இடமே இல்லை.

ஆயினும் வங்கத்தார் சிலர் சொல்லினர். மெசபொட்டேமியப் போர்முனையில் பணியாற்றிய மருத்துவர் கல்யாண் குமார் முகர்ஜி, போரின் கொடுமையை வீட்டாருக்கு மனம் திறந்து எழுதினார். கூட் என்னும் ஊர் முற்றுகைக்குப் பின் சிறைப்பட்டு, 1917-இல் சிறையிலேயே இறந்தார். அவருடைய பாட்டி மோட்சதா தேவி, முதிர்ந்த வயதில், பேரனின் மடல்களைத் திரட்டி, ‘கல்யாண் பிரதீப்’ என்ற பெயரில் 1928-இல் நூலாக்கினார். அதே முற்றுகையில் சிறைப்பட்ட வங்காள மருத்துவத் துணைப்படையினர் சிசிர் சர்வாதிகாரி, நாட்குறிப்பின் தாள்களைக் காலணிக்குள் ஒளித்துக் காத்தார். அது ‘அபி லே பாக்தாத்’ என்ற நூலாக வெளிவரச் சுமார் நாற்பது ஆண்டுகள் ஆயின. ஒருவர் தம் நினைவை மிதித்துக்கொண்டே நாடு நாடாக நடந்தார் என்பது எத்துணைப் பொருள் பொதிந்த செய்தி!

மனத்தின் பேச்சைக் கேட்பதையே கலையாகவும் அறிவியலாகவும் வளர்த்தவரும் இந்நகரில் தோன்றினார். மருத்துவர் கிரீந்திரசேகர போஸ் 1922-இல், பார்சிபாகன் சந்தில் உள்ள தம் இல்லத்தில் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவினார். ‘பரசுராம்’ என்ற புனைபெயரால் புகழ்பெற்ற எழுத்தாளர் ராஜசேகர போஸ் இவருடைய தமையனார். வியன்னா நகரத்துப் பேரறிஞர் பிராய்டுடன் இவர் பல்லாண்டுகள் மடல்வழி வாதிட்டார். போரிலிருந்து மீண்டோர் தாம் வெறுக்கும் அக்காட்சியையே மீண்டும் மீண்டும் கனவில் காண்பது ஏன் என்ற கேள்வியே பிராய்டைத் தம் கொள்கையை மறுபடி ஆராயத் தூண்டியது. அதன் பயனான நூல் வெளிவந்தது 1920-இல். போஸின் கழகம் 1940-இல் கல்கத்தாவில் மனநோயாளர்க்கென மருத்துவமனை ஒன்றைத் தொடங்கியபோது அதற்கு இட்ட பெயர் ‘லும்பினி பார்க்’. லும்பினி, துன்பத்தின் காரணத்தைத் தேடிச் சென்ற புத்தர் பிறந்த இடம்.

நம் வீட்டுப் பெரியவர்கள்

‘போர்வீரர் கதை நமக்கு எதற்கு? நாம் அலுவலகத்திலும் வணிகத்திலும் வாழ்வு தேடி வந்தவர் அல்லவா?’ என்று நம் குடியிருப்பினர் சிலர் எண்ணலாம். அது சரியன்று. வேலூர் வட்டாரம் தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் தந்தது. அன்றியும், போர் படைவீரனை மட்டும் புண்படுத்துவதில்லை. 1941 டிசம்பரில் இரங்கூன் மீது குண்டு விழுந்தபின், பர்மாவிலிருந்து இந்தியா நோக்கி நான்கு இலட்சத்திற்கு மேற்பட்ட நம் மக்கள் வெளியேறினர். அவருள் மிகப் பலர் காட்டிலும் மலையிலும் நடந்தே வந்தனர். வழியில் மாண்டோர் பல்லாயிரவர். அதே ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழருள் உயிரிழந்தோரும் பல்லாயிரவர்.

என் இளமையில் எங்கள் தெருவில் முதியவர் ஒருவர் இருந்தார். நாங்கள் அவரைப் ‘பர்மாத் தாத்தா’ என்போம். அவர் வீட்டில் இருக்கும் குடங்கள் யாவும் எப்போதும் நீர் நிறைந்தே இருக்கவேண்டும். ஒன்று காலியாயினும் அவர் முகம் வெளுத்துவிடும். பிள்ளைகளாகிய நாங்கள் விளையாட்டாக ஒரு குடத்தைக் கவிழ்த்துவிட்டு ஓடியதுண்டு. அவர் வழியில் எதைக் கண்டார், தண்ணீர் இன்றி யாரை இழந்தார் என்று நாங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. பெரியவர்களும் கேட்கவில்லை. ‘பழையதைக் கிளறாதே’ என்பதே எல்லாரும் அறிந்த மரியாதை. அவர் சொல்லாமலே சென்றுவிட்டார். ரிவர்ஸைப் பற்றிப் படித்த நாளில்தான், நாங்கள் மரியாதை என்று கருதியது அவரைத் தனிமையில் விட்டதே என்பது எனக்குப் புலனாயிற்று.

கற்க வேண்டியது

வியட்நாம் போரிலிருந்து மீண்ட அமெரிக்க வீரர், 1970-களின் தொடக்கத்தில் தமக்குள் சிறு சிறு குழுக்களாகக் கூடிப் பேசினர். அவர்தம் குரலும் காரணமாக, இந்நோய் 1980-இல் அமெரிக்க உளமருத்துவர் கழகத்தின் நூலில் தனிப்பெயரோடு இடம்பெற்றது. வியட்நாமியப் பௌத்தத் துறவி திக் நாட் ஹான், அவ்வீரர்களையே அழைத்து, அமைதியாக அமரவும் மூச்சை உணரவும் நெஞ்சிலுள்ளதைச் சொல்லவும் கற்பித்தார். பகைவன் என்று கருதியவன் நாட்டவரே ஆறுதல் சொன்னார். மருத்துவம் வேறு, ஆன்ம அமைதி வேறு என்று பிரிக்க இயலாத இடம் அது.

இவ்வரலாறு முழுவதிலும் ஓர் உண்மையே தொடர்ந்து வருகின்றது. ஆறாத மனப்புண் அருகில் ஒருவர் அமர்வதனாலும், சொல்வதைக் கேட்பதனாலும் ஆறத் தொடங்குகின்றது. நெடுநல்வாடை அரசன் நடந்து சென்றான், அரிசில்கிழார் காட்டிய மகளிர் விழித்திருந்து பாடினர், ரிவர்ஸ் கேட்டார், மோட்சதா தேவி எழுதினார்.

நம் குடும்பங்களில் படையிலிருந்து ஓய்வு பெற்றவரோ, கலவரத்திலும் புலம்பெயர்விலும் துன்புற்றவரோ இருப்பின், ‘மறந்துவிடுங்கள்’ என்று கூறாதிருப்போம். சொல் என்று வற்புறுத்தவும் வேண்டா. சொல்ல விரும்பும் நாளில் கேட்க ஒருவர் உண்டு என்பதை அவர் அறிந்திருந்தால் போதும். உறக்கமின்மை, திடீர்ச் சினம், குடிப்பழக்கம், யாரோடும் ஒட்டாமை ஆகியவற்றைக் குணக்கேடு எனப் பழிக்குமுன், அவை புண்ணின் அடையாளமோ என எண்ணிப் பார்ப்போம். நம் அன்பு போதாதவிடத்து மருத்துவரை நாடுதல் இழுக்கன்று. இந்திய அரசு 2022-இல் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையின் 14416 என்ற எண்ணை யாரும் கட்டணமின்றி அழைக்கலாம். 2023 டிசம்பரில் படையினர்க்கும் அவர் குடும்பத்தார்க்கும் எனத் தனிப்பிரிவொன்று பூனாவில் தொடங்கப்பெற்றது.

ஆண்டு விழாவில் நாம் கூடுகின்றோம், பாடுகின்றோம், உண்டு மகிழ்கின்றோம். அக்கூட்டத்தின் ஓரத்தில் பேசாது அமர்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் இவ்வாண்டும் இருப்பார். அவர் பக்கத்து நாற்காலி காலியாக இருப்பின், சற்று நேரம் அதில் சென்று அமர்வோம். மாண்டவர்க்கு நம் முன்னோர் நடுகல் நாட்டினர். மீண்டவர்க்கு நாம் செவி சாய்ப்போம்.